தாழ்வாரத்தில் தொங்கும் நெற்கதிர்

தஞ்சையிலிருந்து கண்டியூர் வழியாகத் திருக்காட்டுப்பள்ளிக்குச் செல்லும் சாலையைத் தை மாதத்தில் காண வேண்டும். காவிரியும் குடமுருட்டியும் ஊட்டி வளர்த்த சம்பாப் பயிர் அப்போது முற்றித் தலைசாய்ந்து நிற்கும். பூண்டி மாதா பேராலயத்தை நாடிச் செல்லும் திருப்பயணிகள் பேருந்திலிருந்தே அவ்வயல்களைக் கண்டு மகிழ்வர். வழியிலுள்ள பழைய ஓட்டு வீடுகளின் தாழ்வாரங்களையும் அவர்கள் சற்று நோக்கினால் நன்று. ஒரு சில வீடுகளின் முகப்பில், உத்தரத்திலிருந்து நெற்கதிர்க் கொத்து ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும்.

அலங்காரத்துக்காகக் கட்டிய தோரணம் என்று புதியவர் எண்ணக்கூடும். உண்மையில் அது குருவிகளுக்கு விரித்த பந்தி. அறுவடையில் ஒரு பிடிக் கதிரைப் பின்னி வீட்டு முகப்பிலோ கோயில் மண்டபத்திலோ கட்டிவைப்பது காவிரிக்கரை உழவரின் நெடுநாள் வழக்கம். மணிகள் தீரும்வரை சிட்டுக்குருவிகள் அதில் தொற்றிக்கொண்டு உமி நீக்கிக் கொறித்துக்கொண்டிருக்கும்.

அப்பகுதியின் சிற்றூர் ஒன்றுக்குப் பொங்கல் நன்றித் திருப்பலி நிறைவேற்றச் சென்றிருந்தபோது, ஆலயத் திண்ணையில் முதியவர் ஒருவர் மறைக்கல்விச் சிறுவர்களுக்கு இக்கலையைக் கற்பித்துக்கொண்டிருந்தார். தாளோடு ஒரு முழ நீளத்துக்கு அறுத்த கதிர்களை ஒரு நாள் நிழலில் உலர்த்தியிருந்தார்கள். தாள்களை மூன்று புரிகளாக்கிச் சடை பின்னுவதுபோலப் பின்னி, இடையிடையே புதிய கதிர்களைச் சேர்த்து, மணிகள் கீழ்நோக்கித் தொங்குமாறு தென்னங்கயிற்றால் இறுகக் கட்டினார்கள்.

“எதுக்குத் தாத்தா குருவிக்கு நெல்லு?” என்று கேட்டான் ஒரு சிறுவன்.

“அறுத்தவங்களுக்குக் கூலி அளக்கிறோம்ல? பயிர்ல இருந்த புழுவைப் பொறுக்கினது இதுங்கதானேடா! இதுங்களுக்கும் அளக்கணும்” என்றார் அவர்.

பின்பு என்னிடம் திரும்பி, “இப்ப மிஷின் இறங்கிச்சுன்னா ஒரு கதிர் நிக்காது சாமி. அதுக்கு முன்னாடியே வரப்போரம் அரிவாளால ஒரு பிடி அறுத்து வெச்சுட்டேன்” என்றார்.

வயலின் ஓரத்தை முற்றிலும் அறுக்காமல் ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவைக்கும்படி லேவியர் நூலில் ஆண்டவர் கட்டளையிட்டது என் நினைவுக்கு வந்தது. விளைவித்தவனுக்கே விளைச்சல் முழுவதும் உரியதன்று என்னும் அறத்தை அம்முதியவர் ஒரு பிடிக் கதிரில் காத்துவந்தார். அசிசியாரும் இதே மனத்தினர். கிறிஸ்து பிறப்பு நாளன்று பறவைகள் வயிறார உண்ணும்படி வழிகளில் தானியம் தூவப் பேரரசர் ஆணையிட வேண்டும் என்று அவர் விரும்பியதாக, அவர் வரலாற்றை எழுதிய செலானோ தோமா குறிக்கிறார். பனி மூடும் நார்வே நாட்டிலும் கிறிஸ்மஸ் காலத்தில் ஓட்ஸ் கதிர்க் கட்டைக் கம்பத்தில் கட்டிப் பறவைகளுக்கு வைக்கும் வழக்கம் உண்டு.

வயல் இல்லாத நகரத்துக் குடும்பங்களுக்கும் வழி உண்டு. கொட்டாங்கச்சியின் விளிம்பில் மூன்று துளைகளும், மழைநீர் வடிய அடியில் ஒரு சிறு துளையும் இட்டுத் தென்னங்கயிற்றால் தொங்கவிடலாம். நைலான் நூல் பறவைகளின் காலில் சிக்கிக்கொள்ளும், அது வேண்டாம். கம்பு, தினை, நொய் ஆகியவற்றில் கையளவு போதும். உப்பிட்ட தின்பண்டமும் பூசணம் பிடித்த தானியமும் ஆகா. பூனைக்கு எட்டாத உயரமும், அருகே பறந்து ஒளிய ஒரு செடியும் தேவை. ஆழமில்லாத மண் தட்டில் நாள்தோறும் நீர் மாற்ற வேண்டும். எச்சமும் பழைய தானியமும் நோய் பரப்புமாதலால், வாரந்தோறும் கிண்ணத்தைக் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும்.

ஆயினும் தானியம் மட்டுமே குருவியைக் காத்துவிடாது. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுக்குத் தாய்க்குருவி முதல் நாட்களில் ஊட்டுவது புழு பூச்சிகளையே. தோட்டத்திலும் வயலிலும் நஞ்சு தெளித்துப் பூச்சிகளை அடியோடு அழித்துவிட்டு, வாசலில் கம்பு வைப்பதால் குஞ்சு பிழைக்காது. கூடு கட்ட ஓட்டிடுக்கும் சுவர்ப்பொந்தும் வேண்டும்; கான்கிரீட் வீடுகளில் அவை இல்லை. இந்தியப் பறவைகளின் நிலை குறித்து 2020-இல் வெளியான அறிக்கை, நாடு முழுவதையும் நோக்கச் சிட்டுக்குருவி ஏறத்தாழ நிலையாக உள்ளதென்றும், பெருநகரங்களில் குறைந்து வருகிறதென்றும் தெரிவிக்கிறது. ஆகவே நகரத்துப் பெற்றோர் தீனிக் கிண்ணத்தோடு, மருந்து தெளிக்காத நாலைந்து செடிகளையும், சுவரில் துளையிட்ட சிறு மரப்பெட்டி ஒன்றையும் சேர்த்து அமைப்பது நலம்.

இரண்டு குருவிகள் ஒரு காசுக்கு விற்கப்பட்டாலும், அவற்றில் ஒன்றுகூடத் தந்தையின் கவனத்துக்குத் தப்பித் தரையில் விழுவதில்லை என்று நம் ஆண்டவர் போதித்தார். அந்தக் கவனத்தில் பிள்ளைகள் பங்குபெறக் கற்றுக்கொள்ளும் இடம் இக்கிண்ணமே. கட்டி முடிக்கும் நாளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் உற்சாகம் இருக்கும்; பத்தாம் நாள் காலையில் நீர் மாற்ற எழுந்திருப்பதிலேதான் அன்பு பழகுகிறது. ஆதலால் பெற்றோர்களே, அவ்வேலையை நீங்கள் செய்துவிடாதீர்கள். தட்டைக் கழுவும் பொறுப்பை வீட்டின் கடைக்குட்டியிடம் ஒப்படையுங்கள். மறந்த நாளில் மெல்ல நினைவூட்டுங்கள். அக்டோபர் 4, அசிசியார் திருநாள், இதைத் தொடங்குவதற்கு ஏற்ற நாள்.