சுழியம் காட்டினால் மின்சாரம் இல்லையா?



செம்பனை ஆலையில் பணிபுரியும் பெற்றோர் ஒருவர், கோல சிலாங்கூர் வட்டாரத்தில் உள்ள எங்கள் தோட்டப் பள்ளிக்குக் கம்பியில்லா மின்னோட்ட உணரி ஒன்றை அன்பளிப்பாகத் தந்தார். கம்பியை வெட்டாமல் மேலே கவ்வியைப் பூட்டினால் போதும். மின்னோட்டத்தின் அளவு அலைவழியே சென்று சற்றுத் தொலைவில் உள்ள காட்டியில் தோன்றும். எந்தக் கருவி கட்டணத்தை ஏற்றுகிறது என்று கண்டறிய உதவும்.

ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் முன், மின்கேத்தலின் தடித்த கம்பி முழுவதையும் வேண்டுமென்றே கவ்விக்குள் வைத்தேன். நீர் கொதித்தது, காட்டியிலோ சுழியம்! "மின்சாரமே வரவில்லை, ஆசிரியர். அப்படியென்றால் கம்பியைத் தொடலாமா?" என்று கேட்டாள் ஒரு மாணவி.

அந்தக் கேள்விக்காகத்தான் அன்றைய பாடமே.

மின்னோட்டம் செல்லும் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகும் என்பதை 1820இல் எர்ஸ்டெட் கண்டறிந்தார். கவ்வி உணர்வது அந்தப் புலத்தையே. பழுப்புக் கம்பியில் செல்லும் மின்னோட்டமும் நீலக் கம்பியில் திரும்பும் மின்னோட்டமும் சம அளவின, எதிர்த்திசையின. இரண்டும் கவ்விக்குள் இருந்தால் புலங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். உரிமம் பெற்ற மின்பணியாளர் ஆயத்தம் செய்து தந்த இணைப்பில், காப்புறை குலையாத பழுப்புக் கம்பியை மட்டும் கவ்வியதும், 2000 வாட் கேத்தலுக்கு 8.7 ஆம்பியர் அளவில் காட்டியது. 2000ஐ 230 வோல்ட்டால் வகுத்து மாணவர்களே சரிபார்த்தனர்.

வேறு கோளாறுகளும் நேரலாம். கவ்வியின் வாய் முழுமையாக மூடாவிட்டாலோ, இடையில் தூசு படிந்தாலோ அளவு குறையும். மின்கலம் தளர்ந்தாலும், அனுப்பும் கருவி இரும்புப் பெட்டிக்குள் அடைபட்டாலும் அலை காட்டியை எட்டாது. கம்போங் குவாந்தான் மின்மினியைத் தகரப் பெட்டியில் அடைத்தால் அதன் ஒளி வெளியே தெரியுமா? சூரிய ஒளித்தகட்டின் நேர்மின்னோட்டத்தையும் சாதாரணக் கவ்வி அறியாது. அதற்கு 1879இல் கண்டறியப்பட்ட ஹால் விளைவைக் கொண்டு இயங்கும் உணரி வேண்டும்.

ஆனால் முதன்மையான செய்தி வேறு. கவ்வியைச் சரியாகப் பூட்டிய பின்னரும் சுழியம் வரலாம். குழாயை மூடினால் நீர் ஓடாது. உள்ளே அழுத்தம் இருக்கும். அவ்வாறே விளக்கை அணைத்த பின்னும் விசை வரையிலான கம்பியில் 230 வோல்ட் காத்திருக்கும். உணரி ஓட்டத்தை அளக்கும், அழுத்தத்தை அளக்காது.

ஆகவே, பெற்றோரே, வீட்டின் முதன்மை மின்பெட்டியைத் திறந்து கவ்வி பூட்டும் வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடமே விடுங்கள். பிள்ளைகளிடம், "சுழியம் என்றாலும் தொடாதே" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். ஏன் தொடக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். காரணம் அறிந்த பிள்ளை, நாம் அருகில் இல்லாத போதும் கையை விலக்கிக்கொள்ளும்.