கோணல் நடவு

கயிறு நேராகத்தான் கட்டியிருந்தது. எங்கம்மா நட்ட வரிசைதான் கோணலாகப் போனது. 'கண்ணு அவிஞ்சி போச்சாடி?' என்று வரப்பில் நின்று கத்தினார் நிலத்துக்காரர். அவருக்கு என் வயசு. அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு. தலை நிமிராமல் நட்டு முடித்து, வீட்டுக்கு வந்துதான் சொன்னாள்.

'கவுறு வளைஞ்சி வளைஞ்சி தெரியுது பாப்பா. சோத்தாங்கை பக்கத்துக் கண்ணுல நடுவுல ஒரு திட்டு கீது. வலியே இல்ல.'

வலி இல்லை. ஆறு வருஷத்துக்கு முன் மார்பில் கட்டி வந்தபோதும் இதையேதான் சொன்னாள். வலிக்காததால் ஒரு வருஷம் சும்மா இருந்தாள். பிறகு இடது மார்பை எடுத்தார்கள். ஹார்மோனில் வளர்கிற கட்டி என்று ஐந்து வருஷம் தமாக்சிஃபென் மாத்திரை தின்னச் சொன்னார்கள். இரண்டாம் வருஷத்தோடு நிறுத்திவிட்டாள். மாத்திரை இலவசம்தான். அதை வாங்கப் போகிற நாளின் கூலியை யார் கொடுப்பது? எனக்கு அது தெரியவே தெரியாது. நான் அப்போது ஊர் ஊராகப் போய்ப் பெண்ணுடலின் அரசியல் பேசிக்கொண்டிருந்தேன்.

கண் முகாமுக்கு அழைத்துப்போனேன். டார்ச் அடித்துப் பார்த்தவர் 'புரைதான், முத்தட்டும்' என்று அனுப்பிவிட்டார். மூன்று மாதம் போனது. மார்பு ஆபரேஷன் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. 'கண்ணுக்குப் போன எடத்துல மாரப் பத்தி இன்னாத்துக்குப் பேசுவாங்க?' என்றாள். தொட்டுப் பார்க்கவே தயங்குகிறவர்களிடம் எவள் தன் தழும்பைப் பேசுவாள்?

பிறகு பட்டணத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. இளம் டாக்டரம்மா ஒருவர், 'இதுக்கு முந்தி என்ன ஆபரேஷன் ஆயிருக்கும்மா?' என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்துப் பார்த்தார். விழித்திரைக்கு அடியில் வெளிர்மஞ்சளாக ஒரு திட்டு. ஸ்கேனிலும் அது புடைத்துத் தெரிந்தது. அந்த இடத்துக்குக் கோராய்டு என்று பெயர், இரத்தக் குழாய்களால் ஆன படலம். கண்ணுக்குள் மிக அதிகமாக இரத்தம் ஓடுவது அங்கேதான். இரத்தத்தோடு வருகிற புற்றணுக்கள் அங்கே தங்கி வளர்கின்றன. நீர் கோத்து விழித்திரையைத் தூக்கிவிடுகிறது. நேரான கயிறு வளைந்தது அதனால்தான். வேறிடத்திலிருந்து பரவிப் பெண்களின் கண்ணுக்குள் வரும் புற்றில் அதிகமும் மார்பிலிருந்து வருவதுதானாம். முகாமில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் மூன்று மாதம் மிச்சமாகியிருக்கும்.

உடம்பு முழுக்க ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பிலும் நுரையீரலிலும் பரவியிருந்தது. மூளையில் இல்லை.

'கண்ண நோண்டி எடுத்துருவாங்களா?' என்று கேட்டாள் அம்மா. 'தேவையில்லம்மா' என்றார் டாக்டர். முகத்துக்கு அச்சு செய்து, தலை அசையாமல் வைத்துப் பத்து நாள் கதிர்வீச்சு. நாளைக்கு 3 கிரே, மொத்தம் 30. கூடவே லெட்ரோசோல் மாத்திரை. நோயை வேரோடு பிடுங்குகிற வைத்தியம் இல்லை இது, பார்வையைக் காப்பாற்றவும் நோயை அடக்கி வைக்கவும்தான் என்பதை டாக்டர் மறைக்கவில்லை. கதிர்வீச்சுச் செலவைக் காப்பீட்டு அட்டை பார்த்துக்கொண்டது. பஸ்ஸுக்கும் போன கூலிக்கும் எந்த அட்டையும் இல்லை. இந்தத் தடவை மாத்திரை வாங்க நான் போகிறேன்.

நாலு மாதத்தில் திட்டு சுருங்கியது. ஒருநாள் வாசலில் இரண்டு குச்சி நட்டுக் கயிறு கட்டி, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். 'நேராத்தான் கீது. அவன்கிட்ட போயி சொல்லு.'

நான் இன்னும் அவரிடம் போகவில்லை. முதலில் நம் தெருப் பெண்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மார்பில் ஆபரேஷன் ஆன எல்லோருக்கும் கண்ணில் வந்துவிடாது. ஆனால் ஆனவளுக்குக் கண் மங்கினால், கோடு வளைந்தால், யாரும் கேட்கக் காத்திருக்க வேண்டாம். உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாக மார்பைச் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட வேண்டியது நாமில்லை.