சஸ்பென்ஸ் அக்கவுன்ட்

‘‘மாப்ள, என் துப்பாக்கி என்னையவே அடிக்குது!’’

போடியிலிருந்து மாமா போன் செய்தபோது தூக்கிவாரிப் போட்டது. பதறாதீர்கள். குண்டு நேராகத்தான் போகிறது. சுட்ட பிறகு வலது பக்கம் விழ வேண்டிய காலித் தோட்டாதான், மாமாவின் முகத்துக்கே திரும்பி வருகிறது. ஒன்று நெற்றியில் பட்டிருக்கிறது. இன்னொன்று சட்டைக் காலருக்குள் இறங்கி, கழுத்தில் கொப்புளம். மூக்குக்கண்ணாடி இல்லையென்றால் கண்ணுக்கே ஆபத்து.

மாமாவுக்கு 74 வயது. வீடு போடியில். போடிமெட்டுக்கு மேலே, பூப்பாறை பக்கம் ஏலத் தோட்டம். அந்தக் காலத்தில் சனிக்கிழமைதோறும் ஆட்களின் சம்பளப் பணத்தை மஞ்சப் பையில் சுருட்டிக்கொண்டு, 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஜீப்பில் தனியாகவே ஏறுவார். அதற்காக லைசென்ஸ் எடுத்து வாங்கிய பிஸ்டல். 9 எம்.எம். நம் ஊரில் சாதாரண ஜனங்களுக்குக் கிடையாது என்பதால், .32. இத்தனை வருஷத்தில் அதை யாரை நோக்கியும் நீட்டியதில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை மதுரையில் ஒரு ரைபிள் கிளப்புக்குப் போய் பத்து ரவுண்டு சுட்டுவிட்டு, ஜிகர்தண்டா குடித்துவிட்டுத் திரும்புவார். அவ்வளவுதான்.

‘‘எலெக்‌ஷனுக்கு ஸ்டேஷன்ல ஒப்படைச்சேன்ல... அங்கதான் எவனோ நோண்டிட்டான்’’ என்றார். 2024 தேர்தலைச் சொல்கிறார்.

நான் படித்தது பி.காம். துப்பாக்கிக்கும் எனக்குமான உறவு தீபாவளியோடு சரி. ஆனால், அக்கவுன்டன்ஸி வாத்தியார் சொன்னது ஞாபகம் இருந்தது. டிரையல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால், வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போடு. பிறகு ஒவ்வொரு என்ட்ரியாகப் பார். ஒரே நேரத்தில் இரண்டைத் திருத்தாதே. எது தப்பு என்று கடைசிவரை தெரியாமலே போய்விடும்.

கிளம்பிப் போனேன்.

மதுரைக்குப் போகும் வழியில், மாமாவைத் தேற்றுவதாக நினைத்து ஒரு தகவல் சொன்னேன். ஆஸ்திரியாவின் ‘குளோக்’ கம்பெனிக்கே இந்தப் பிரச்னை வந்திருக்கிறது. 2010-ல் அவர்கள் கொண்டுவந்த நான்காம் தலைமுறை பிஸ்டலில், காலித் தோட்டா முகத்தில் அடிக்கிறது என்று அமெரிக்காவில் ஏகப்பட்ட புகார். 2011-ல் ஸ்பிரிங்கை மாற்றிக்கொடுத்தார்கள். தோட்டாவைத் தட்டிவிடும் பாகத்தையும் பிறகு திருத்தினார்கள். ‘‘பாத்தியா, கம்பெனிக்காரன் தப்பு!’’ என்று மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம்.

லைசென்ஸ் உள்ள ரிப்பேர் கடை பாய், பிரித்துப் போட்டுப் பாடம் நடத்தினார். சுட்டதும் ஸ்லைடு என்கிற மேல்பாகம் பின்னால் ஓடுகிறது. எக்ஸ்ட்ராக்டர் என்கிற குட்டிக் கொக்கி, காலித் தோட்டாவின் விளிம்பைப் பிடித்து இழுத்து வருகிறது. எதிர்ப்பக்கம் அசையாமல் நிற்கும் எஜெக்டர் என்கிற இரும்புத் துண்டு அதை முட்டுகிறது. ஒரு பக்கம் பிடி, மறுபக்கம் முட்டு. தோட்டா சுழன்று வலது ஜன்னல் வழியாகப் பறக்கிறது. கொக்கியின் பிடி தளர்ந்தாலோ, ஸ்லைடின் வேகம் குறைந்தாலோ, திசை தவறி முகத்துக்கு வரும்.

கொக்கிக்கு அடியில் பிசுபிசுவென்று கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது. பாய் முகர்ந்து பார்த்தார். ‘‘என்னங்க... தேங்காய் எண்ணெய்!’’

ஸ்டேஷன் தப்பு இல்லை. போட்டது மாமாவேதான். 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். மார்கழியில் எண்ணெய் பாட்டிலை வெயிலில் வைப்போமே, அதே கதை. மலைக் குளிரில் கேட்கவே வேண்டாம்.

சுத்தம் செய்து, அதற்கான எண்ணெய் போட்டு, கிளப்புக்குப் போனோம். கோச், கண்ணாடியும் தொப்பியும் மாட்டிவிட்டுத்தான் உள்ளே விட்டார். ஐந்து ரவுண்டு. இரண்டு முகத்துக்கு வந்தன.

அடுத்த என்ட்ரி, தோட்டா. மலை பங்களா பீரோவில் வருஷக்கணக்காக மழையும் பனியும் குடித்த பெட்டி. மருந்து வீரியம் இழந்தால் ஸ்லைடுக்கு வேகம் போதாது. புதுப் பெட்டி வாங்கி, மறுபடி ஐந்து. ஒன்று தொப்பியில் ‘டங்’.

கோச், ‘‘நான் ஒரு தடவை பாக்கட்டுமா சார்?’’ என்று கேட்டு வாங்கினார். அதே பிஸ்டல், அதே தோட்டா. ஐந்தும் வலது பக்கம் போய் ஒரே இடத்தில் விழுந்தன.

யாரும் பேசவில்லை.

கோச் தணிந்த குரலில் சொன்னார். ‘‘மணிக்கட்டு தளருது சார். கீழ்பாகம் அசையாம நின்னாதான் ஸ்லைடு முழுசா ஓடும். கை விட்டுக் கொடுத்தா, துப்பாக்கியே சேர்ந்து பின்னால வருது.’’

மாமா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றைக்கு ஜிகர்தண்டா குடிக்கவில்லை.

ராத்திரி அடுப்படியில் அத்தை கிசுகிசுத்தார். ‘‘நாலு மாசமா காபி டம்ளரை ரெண்டு கையிலதான் பிடிக்கிறாரு தம்பி. சட்டைப் பட்டன் நான்தான் போட்டுவிடுறேன். டாக்டர்னு சொன்னாலே எரிஞ்சு விழறாரு.’’

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்தக் கையோடுதான் மாமா இன்னமும் போடிமெட்டுக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். பனிமூட்டத்தில், எதிரே லாரி வரும் வளைவுகளில். காலையில் தோட்ட வேலைக்குப் போகும் ஏழெட்டுப் பெண்களையும் பின்னால் ஏற்றிக்கொண்டு.

போலீஸ், கம்பெனி, எண்ணெய், தோட்டா என்று எல்லாவற்றையும் சந்தேகப் பட்டியலில் எழுதினேன். ‘மாமா’ என்று எழுதவே தோன்றவில்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் விஷயத்தில் நாம் எல்லோரும் எழுதத் தயங்கும் என்ட்ரி அதுதான்.

மறுநாள் நான் எதுவும் சொல்லவில்லை. மாமாவே, ‘‘மாப்ள, டாக்டர்ட்ட போவமா?’’ என்றார். கழுத்தெலும்புகளுக்கு நடுவே நரம்பு நசுங்கியிருக்கிறதாம். மாத்திரை, பிசியோதெரபி. இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தால் சிக்கல் என்றார் டாக்டர்.

2016 ஆயுத விதிகளின்படி, 70 வயதைத் தாண்டியவர் துப்பாக்கியை வாரிசு பெயருக்கு மாற்றக் கேட்கலாம். மாமாவின் மகன் பெங்களூரில் இருக்கிறான். ‘‘எனக்கெதுக்குப்பா அது?’’ என்றுவிட்டான்.

போன வாரம் மாமா பேசினார். ‘‘ஜீப் சாவிய டிரைவர்ட்ட கொடுத்துட்டேன் மாப்ள. ரப்பர் பந்து அமுக்கிக்கிட்டு இருக்கேன். துப்பாக்கிய மட்டும்... கொஞ்ச நாள் போகட்டும்.’’

சரி மாமா என்றேன். கொஞ்ச நாள் அது சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டிலேயே இருக்கட்டும்.