32 ஸ்லைடும் அம்மாவின் ஒரு கேள்வியும்

பொட்டி தட்டற பொழப்புல கோடு எழுதறதை விட கஷ்டமான ஆணி ஒண்ணு உண்டு. நாலு பேர் முன்னாடி பிரசன்டேஷன் குடுக்கறது. காலேஜ்ல செமினார்னாலே முதல் நாள் ஜுரம் வர்ற ஆள் நான். போன வருஷம் அந்த ஆணி என் தலையிலேயே விழுந்துச்சு.

எங்க க்ளையண்ட் ஒரு அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனி. ப்ராஜெக்ட்டை நீட்டிக்கறதா மூடறதான்னு அவங்க சி.எஃப்.ஓ. அம்மா முடிவு பண்ணணும். மூடினா நாங்க 5 பேரும் பெஞ்ச். ஒருத்தனுக்கு ரெண்டு மாசத்துல கல்யாணம், இன்னொருத்தருக்கு வீட்டு லோன் அப்பதான் ஆரம்பிச்சிருந்தது. டேமேஜர் என்னைப் பார்த்து, "எல்லா மாட்யூலும் பார்த்தவன் நீதானே, நீயே பேசிடு"ன்னுட்டார்.

ரெண்டு ராத்திரி உக்காந்து 32 ஸ்லைடு பண்ணினேன். ஆர்க்கிடெக்சர், டேட்டாபேஸ், எத்தனை பக் சரி பண்ணினோம்... அம்புக்குறியெல்லாம் பறந்து வந்து உக்காரும்! 30 நிமிஷ மீட்டிங். 9-வது ஸ்லைடுல நான் உருகி உருகி விளக்கிட்டு இருக்கும்போது, அந்தம்மாவோட சதுரம் திரையில இருந்து காணாம போச்சு. அடுத்த மீட்டிங் இருக்காம். மூணு வாரம் கழிச்சு 15 நிமிஷம் தர்றதா மெயில் வந்தது.

அந்த வாரக் கடைசியில ஊருக்குப் போயிருந்தேன். அம்மா கீரை ஆய்ஞ்சுகிட்டே என் புலம்பலைக் கேட்டாங்க. மகளிர் சுய உதவிக் குழுவுல கணக்கு பார்க்கறவங்க அவங்கதான்.

"நான் பேங்க் மேனேஜர்கிட்ட போனா, எவ்ளோ வேணும், எதுக்கு, எப்படிக் கட்டுவோம்னு முதல்லயே சொல்லிடுவேன். குழு ஆரம்பிச்ச கதையெல்லாம் அவர் கேட்டாத்தான். ஆமா, நீ அந்தம்மாகிட்ட என்னதான் கேட்ட?"

யோசிச்சுப் பார்த்தா, நான் ஒண்ணுமே கேட்கலை! 32 ஸ்லைடுல ஒண்ணுல கூட "6 மாசம் நீட்டிங்க"ன்னு இல்லை. மாசக் கடைசி ரிப்போர்ட் 4 நாள்ல இருந்து 1 நாளா குறைஞ்ச விஷயம், 26-வது ஸ்லைடுல ஓரமா, பொடி எழுத்துல. அவங்களுக்கு வேண்டியதே அதுதான்.

இது பெரிய இடத்துலயும் நடந்திருக்கு. 2003-ல கொலம்பியா விண்கலம் சிதறி 7 பேர் இறந்தாங்க. அதை விசாரிச்ச குழுவோட அறிக்கை, உயிர் போற ஆபத்து பத்தின தகவல் ஒரு பவர்பாயிண்ட் ஸ்லைடுல புதைஞ்சு கிடந்ததை எடுத்துக் காட்டியிருக்கு. அதைப் படிச்சப்போ பகீர்னு இருந்தது.

ரெண்டாவது தடவை மொத்தமே 5 ஸ்லைடு. முதல் ஸ்லைடுலயே "4 நாள் 1 நாளாச்சு. மத்த ரிப்போர்ட்டையும் மாத்த 6 மாசம் வேணும்". கய் கவாசாகி 2005-ல எழுதின 10-20-30 விதிப்படி (10 ஸ்லைடு, 20 நிமிஷம், 30 பாயிண்ட் எழுத்து) எழுத்தைப் பெருசாக்கினேன். பெருசாக்கினதும் பாதி வாக்கியம் தானா கழண்டுடுச்சு. டெமோ நேரத்துல கவுத்துடும்னு முன்னாடியே வீடியோவா பதிஞ்சு வெச்சுகிட்டேன். போன்ல ரெக்கார்ட் பண்ணி நாலு தடவை சத்தமா பேசிப் பார்த்தேன். 8 நிமிஷத்துல முடிச்சு, மிச்சத்தைக் கேள்விக்கு விட்டேன்.

பழைய டேட்டாவை வெச்சிருக்க என்ன செலவாகும்னு கேட்டாங்க. எனக்குத் தெரியாது. முன்னாடின்னா ஏதாவது உளறியிருப்பேன். "இப்போ கையில இல்லை, நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள அனுப்பறேன்"னேன். அனுப்பினேன்.

4 மாசம் கிடைச்சது. நண்பன் கல்யாணத்துல நிம்மதியா பாயசம் சாப்பிட்டோம். அம்மாகிட்ட போன்ல சொன்னேன்.

"6 கேட்டு 4-ஆ? பரவால்ல. நான் எப்பவும் ரெண்டு சேர்த்துத்தான் கேப்பேன்."

அடுத்த தடவை 8 கேட்கணும் மக்களே!

டிஸ்கி: நேர்ல பேசும்போது எல்லாரும் ஸ்லைடையே வெறிச்சுப் பார்த்தா, பவர்பாயிண்ட்ல ஸ்லைட் ஷோ ஓடும்போதே கீபோர்டுல 'பி' எழுத்தை அமுக்குங்க. திரை கறுப்பாகும், கண்ணெல்லாம் உங்க பக்கம் திரும்பும். திரும்ப அமுக்கினா ஸ்லைடு வந்துடும்.