‘வரை’ என்னும் ஒரு சொல்

எமது ஊர்ச் சந்தியிலே, பழைய சங்கக் கடைக்கு எதிரே, ஒரு பெரிய விளம்பரப் பலகை நிற்கின்றது. மூன்று ஆண்டுகளுக்கு முன் அதிலே ஓர் இளைஞனும் ஒரு யுவதியும் கைத்தொலைபேசி ஒன்றைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தனர். அவர்தம் தலைக்கு மேலே, ‘வினாடிக்கு 150 மெகாபிட்’ என முழ நீள எழுத்தில் எழுதப்பட்டிருந்தது. அவ்வெண்ணுக்குப் பின்னால் கடுகளவாக வேறொரு சொல்லும் இருந்தது. பஸ்ஸிலே போகின்றவர் எவர் கண்ணுக்கும் அது படாது. எமது கண்ணுக்கும் படவில்லை. முப்பது ஆண்டுகள் பள்ளிக்கூடத்திலே பிள்ளைகளின் எழுத்துப் பிழை பார்த்த கண் இது என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ளுகின்றோம்.

அக்காலத்திலே எமது வீட்டுக்கு இணையம் மிகவும் வேண்டியதாயிருந்தது. மகள் உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கத் தொடங்கியிருந்தாள். பௌதிகவியல் படிப்பிக்கும் ஆசிரியர் வேறு மாவட்டத்தவர். வாரத்தில் மூன்று நாள், இரவு ஏழு மணிக்கு, சூம் வழியாக வகுப்பு வைப்பார். இன்னொரு காரணமும் உண்டு. எம்முடன் வாழும் பெரியம்மாவுக்கு எண்பத்து நான்கு வயது. அவருடைய ஒரே மகன் கனடாவிலே, ரொறன்ரோ நகரில் இருக்கின்றார். அண்ணர் வேலைக்குப் போகுமுன், அங்கே காலை எட்டரை மணிக்கு, தாயாருடன் வாட்ஸ்அப்பிலே பேசுவார். கோடைகாலத்திலே அஃது எமக்கு மாலை ஆறு மணி. பெரியம்மா ஐந்தரைக்கே முகங் கழுவி, திருநீறு பூசி, விறாந்தைக் கதிரையில் அமர்ந்துவிடுவார்.

ஆகவே கம்பனியாரிடஞ் சென்று, சிம் போடும் ரவுட்டர் ஒன்றை வாங்கி, மாதப் பக்கேஜ் ஒன்றுக்கும் பணங் கட்டினோம். முதல் நாள் காலையில் எல்லாம் நன்றாகவே இருந்தது. மாலையில் அண்ணர் அழைத்தார். அவர் முகம் தோன்றியது, ‘அம்மா’ என்றார், அவ்வளவுதான். வாய் பாதி திறந்தபடியே படம் உறைந்துவிட்டது. திரையின் நடுவே சிறு வட்டமொன்று செக்குமாடு போலச் சுழலத் தொடங்கியது. பெரியம்மா அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, அவன் என்ன சொல்ல வந்தவன்?” என்று எம்மைக் கேட்டார். நாம் என்ன சொல்வது?

இரவு ஏழு மணிக்கு மகளின் முறை. “அப்பா, சேரின்ர குரல் அறுந்தறுந்து வருது. சமன்பாட்டின்ர கடைசி வரி விளங்கேல்லை” என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். பௌதிகவியலிலே கடைசி வரி இல்லாத சமன்பாட்டினால் யாது பயன்? மறுநாள் ஆசிரியர் அனுப்பும் பதிவை இறக்கிக் கேட்கலாமென்று எண்ணினோம். அதற்கும் ஒரு வில்லங்கம் இருந்தது. பக்கேஜின் அளவிலே பாதி, நள்ளிரவு பன்னிரண்டு மணிக்குப் பின் மாத்திரமே செல்லுபடியாகும் என்று பின்னர்தான் அறிந்தோம். சில மாதம் எமது வீட்டிலே நள்ளிரவில் மணிக்கூடு அலறும். பிள்ளை எழுந்து, பாடத்தை இறக்க விட்டு, மீண்டும் படுப்பாள். காலையிலே பள்ளிக்கூடத்தில் தூங்கி விழுகின்றாளென்று வகுப்பாசிரியை சொல்லியனுப்பினார். இளந்தாரிப் பிள்ளைகள் இரவிலே தொலைபேசியும் கையுமாக விழித்திருக்கின்றார்கள் என்று பெற்றோரைக் குறை கூறுவோர், இத்தகைய விழிப்பும் உண்டென்பதை அறிவாராக.

நிற்க. குறை சொல்வதற்கு முன் கணக்கெடுத்தல் நன்றென்று, நாம் ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்தோம். வேகத்தை அளக்கும் செயலி ஒன்றை இறக்கி, நாளொன்றுக்கு நான்கு வேளை பார்த்து, மழை அளப்பவர் போல எழுதி வந்தோம். விடியற்காலை ஐந்து மணிக்கு 38, நண்பகலில் 14, மாலை நான்கு மணிக்கு 9, இரவு எட்டு மணிக்கு 2, சில நாளில் அதுவுமில்லை. ஒரு மாதம் இவ்வாறு எழுதினோம். ஒருமுறை 60 தோன்றியது. அதுவும் ஒரு போயா தினத்து விடியலிலே. 150 ஒரு நாளேனும் தோன்றவில்லை. இத்தகைய செயலிகள் பெரும்பாலும் அருகிலுள்ள கணினியோடு பேசித்தான் அளக்கின்றன. கடல் கடந்து வரும் காணொளி அதனினும் மெதுவாக வருதல் கூடும். எனவே கொப்பியிலுள்ள எண்களுங்கூடச் சற்றுத் தாராளமானவையே.

மாணவர்களுக்காக ஒரு சிறு கணக்கைச் சொல்லுகின்றோம். டேட்டாவை விற்பது பைட் கணக்கில். வேகத்தை விளம்பரஞ் செய்வது பிட் கணக்கில். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 600 மெகாபைட் கொண்ட ஒரு பாடப் பதிவு 4,800 மெகாபிட்டாகும். வினாடிக்கு 150 வீதம் வந்தால் அது 32 வினாடியில் வந்து சேர வேண்டும். வினாடிக்கு 2 வீதம் வந்தால் 2,400 வினாடி, அதாவது நாற்பது நிமிடம். பலகைக்கும் எமது விறாந்தைக்கும் இடையிலுள்ள தூரம் அரைக் கட்டைதான்; ஆயினும் 32 வினாடி அங்கே, நாற்பது நிமிடம் இங்கே.

கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கம்பனியின் வாடிக்கையாளர் இலக்கத்துக்கு அழைத்தோம். நெடுநேரம் இசை கேட்டபின் ஒரு பெண்பிள்ளை பேசினார். மிகவும் மரியாதையான பிள்ளை. ரவுட்டரை நிற்பாட்டி மறுபடி போடும்படி சொன்னார், போட்டோம். சன்னலருகே வைக்கச் சொன்னார், வைத்தோம். எமது எண்களை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினோம். அவர் சற்றுநேரம் மௌனமாயிருந்துவிட்டு, “சேர், விளம்பரத்தில 150 வரை எண்டுதானே போட்டிருக்கு” என்றார்.

அன்று மாலையே சந்திக்கு நடந்து போனோம். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பலகையை அண்ணாந்து பார்த்தோம். ஆம், ‘வரை’ என்று இருந்தது. தமிழிலே வரை என்றால் எல்லை. மலை என்றும் பொருளுண்டு. பண்டைப் புலவர் வரை என்று பாடிய இடங்களிலெல்லாம் மலையென்றே மாணவருக்குப் பொருள் சொல்லி வந்தோம். எட்ட நின்று பார்க்கலாம், ஏறுவது எவராலும் இயலாது என்ற கருத்தில், கம்பனியாரும் அப்பொருளையே கொண்டனர் போலும்.

இந்தச் சொல்லின் வரலாற்றை ஆராய்ந்தால், எமது சந்திப் பலகையோடு அது தொடங்கவில்லை என்பது தெரிய வரும். 2006ஆம் ஆண்டிலே மூன்றாந் தலைமுறைச் சேவை இலங்கைக்கு வந்தது. 2013இல் நான்காந் தலைமுறை கைத்தொலைபேசிக்கு வந்தது. நான்காந் தலைமுறை என்று எதனை அழைப்பதென்பதற்குப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2008இலேயே அளவு வகுத்திருந்தது. விரைந்து செல்லும் வாகனத்திலிருப்பவருக்கு வினாடிக்கு 100 மெகாபிட்டும், ஓரிடத்திலிருப்பவருக்கு 1,000 மெகாபிட்டும் அதன் இலக்குகள். அக்காலத்தில் விற்பனைக்கு வந்த எதுவும் அந்த அளவை எட்டவில்லை. ஆயினும் கம்பனிகள் தம் பொருளுக்கு அப்பெயரையே சூட்டத் தொடங்கின. 2010 டிசம்பரில், அவற்றையும் அப்பெயரால் அழைக்கலாமென்று ஒன்றியமே இணங்கிவிட்டது. பரீட்சையிலே புள்ளி போதாத பிள்ளையைச் சித்தியடையச் செய்தற்பொருட்டுச் சித்திப் புள்ளியைக் குறைத்தது போன்ற செயல் இது. நாம் ஆசிரியராயிருந்த காலத்தில் இவ்வாறு செய்திருப்பின் வட்டாரக் கல்வி அதிகாரி எம்மை என்ன செய்திருப்பாரோ!

எனினும், நியாயமுஞ் சொல்ல வேண்டும். 150 என்ற எண் வெறும் பொய்யன்று. இருபது மெகாஹேட்ஸ் அகலமான அலைவரிசையும், அனுப்பவும் வாங்கவும் இரண்டிரண்டு அன்ரெனாவும் இருப்பின், நான்காந் தலைமுறைக் கருவி ஒன்று தக்க சூழலிலே அவ்வேகத்தைப் பெறக்கூடும். தக்க சூழல் யாதெனின், கோபுரத்துக்கு மிக அருகில், இடையிலே சுவரோ மரமோ இல்லாமல், வேறெவரும் அந்நேரத்தில் பயன்படுத்தாமல் இருத்தல். அஃதாவது, ஊரிலே ஒருவரே வாழ்ந்தால் அவருக்கு 150.

இதனை எமது ஊரவர்க்கு விளக்க நல்ல தண்ணீர்க் கிணறே போதும். எமது பகுதியிலே பல வீட்டுக் கிணறுகள் உவர். குடிதண்ணீருக்குப் பொதுக் கிணறொன்றுண்டு. வைகாசியிலே ஊற்று மெலியும். விடியற்புறம் போனால் கிணறு நிறைந்திருக்கும்; வாளி போட்டதும் மொண்டுவிடலாம். மாலையிலோ குடமும் கையுமாக முப்பது பேர் நிற்பர். அடியிலே ஊறுவதைச் சுரண்டி அள்ள வேண்டும். கைத்தொலைபேசிக் கோபுரமும் அத்தகையதே. ஒரு கோபுரம் பெரும்பாலும் மூன்று திசைகளாகத் தன் அலைகளைப் பிரித்துக் கொடுக்கின்றது. ஒரு திசைக்குரிய வேகம் முழுவதையும் அத்திசையிலுள்ள அனைவரும் பங்கிட்டுக்கொள்ளுகின்றனர். அதிலும், எட்ட இருப்பவருக்குச் செய்தி சிதையாமல் சேர வேண்டுமானால் ஆறுதலாகவும் கவனமாகவும் அனுப்ப வேண்டும். ஓட்டைக் குடத்துடன் வந்தவர் கிணற்றடியில் நெடுநேரம் நிற்பது போல, அவர் மற்றவர் நேரத்தையும் எடுத்துக்கொள்ளுகின்றார். எமது வீடு அவ்வகையைச் சேர்ந்தது. வேலைவிட்டு வந்தோர் நாடகம் பார்க்க, பிள்ளைகள் வகுப்புக் கேட்க, வெளிநாட்டுப் பிள்ளைகள் தாய் தந்தையரை அழைக்க, எல்லாம் ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் இடையிலேயே நடைபெறுகின்றன.

இதற்குக் கம்பனி என்ன செய்யுமென்று கேட்கலாம். கிணற்றை விரிவுபடுத்தலாம், புதுக் கிணறு வெட்டலாம், அதற்குச் செலவாகும். அல்லது, கிணற்றடியிலே எத்தனை பேர் நிற்கின்றார்கள் என்பதை வாளி விற்கும்போதே சொல்லலாம். அதற்குச் செலவே இல்லை. எமது மனக்குறை இந்த இரண்டாவதைப் பற்றியதுதான். சந்தியிலே ரவுட்டரை விற்ற பையன், இன்ன கோபுரத்திலே மாலையில் இவ்வளவுதான் கிடைக்குமென்று சொல்லியிருப்பின், நாம் பணங் கட்டினும் கட்டாவிடினும் ஏமாந்திருக்க மாட்டோம்.

இது நடவாத காரியமன்று. இங்கிலாந்திலே வீட்டு இணைய இணைப்புகளை விளம்பரஞ் செய்யும்போது, வாடிக்கையாளரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குக் கிடைக்கும் வேகத்தையே ‘வரை’ என்று போட்டுக் காட்ட முன்னர் இடமிருந்தது. 2018 மே 23 முதல் அம்முறை மாறியது. இரவு எட்டு முதல் பத்து மணி வரையுள்ள நெருக்கடி வேளையிலே, வாடிக்கையாளரில் பாதிப் பேருக்கேனும் கிடைக்கும் வேகத்தையே ‘சராசரி’ என விளம்பரத்தில் போடுதல் வேண்டும். கம்பி வழி வரும் இணைப்புக்கே அவ்விதி, கைத்தொலைபேசிக்கு அன்று. ஆயினும், எந்த வேளையிலே அளப்பது என்ற கேள்வியை ஒரு நாடு கேட்டுவிட்டது. எமது நாட்டிலும் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டமும், 1996ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அமைந்த தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் இருக்கின்றன. அக்கேள்வியை இங்கேயும் கேட்பதற்கு இடமுண்டு.

எங்கள் வீட்டுத் துன்பத்தைப் பெரிதாகச் சொல்ல நாணுகின்றோம். 2020 மார்ச்சிலே பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபின், மலைப்புறக் கிராமங்களிலே பிள்ளைகள் கவரேஜ் தேடிப் பாறைமீதும் மரத்தின்மீதும் ஏறிப் பாடங் கேட்டதைப் பத்திரிகைகளிலே யாவருங் கண்டோம். அப்பிள்ளைகளோடு ஒப்பிடின், சன்னலும் கதிரையும் உள்ள எமது பிள்ளை பாக்கியசாலியே. ஆயினும் பரீட்சைத் தாளுக்குப் பாறையுந் தெரியாது, சன்னலுந் தெரியாது. மகள் முதல் முறை எழுதியபோது பௌதிகவியலில் எதிர்பார்த்த பெறுபேறு வரவில்லை. இணையந்தான் காரணமென்று சொல்ல மாட்டோம்; அவளும் சொல்லவில்லை. இரண்டாம் முறைக்கு, பட்டணத்திலே உறவினர் வீடொன்றில் தங்கி, நேரிலே வகுப்புக்குப் போனாள். அவள் போன பின் நள்ளிரவிலே மணிக்கூடு அலறவில்லை. எமக்கோ அந்நேரத்துக்கு விழிப்பு வந்துகொண்டேயிருந்தது.

பெரியம்மாவின் காரியத்துக்குக் கொப்பியே வழி காட்டியது. விடியல் ஐந்து மணிக்கு 38 என்பதைப் பல நாள் பார்த்தும் எமக்கு ஏனோ தோன்றவில்லை. எமது இல்லாள்தான் ஒருநாள், “விடிய அஞ்சு மணிக்கு மாமி பூப்பறிக்க எழும்புறவதானே? அந்த நேரம் அண்ணைக்கு அங்க என்ன மணி?” என்று கேட்டார். எண்ணிப் பார்த்தோம். அங்கே முதல் நாள் இரவு ஏழரை மணி. அண்ணர் வேலை முடிந்து வீட்டிலிருக்கும் வேளை. தொலைபேசி அட்டை வாங்கிப் பேசிய காலந் தொட்டுக் காலையிலே அழைத்துப் பழகியவர், மாற்றுவதற்கு உடனே சம்மதித்தார்.

மறுநாள் இருள் பிரியாத வேளை. பூக்கூடையைப் பக்கத்திலே வைத்துவிட்டுப் பெரியம்மா கதிரையில் அமர்ந்தார். ஊர் முழுதும் உறங்க, கோபுரம் எமக்கென்றே நின்றது போலும். அண்ணரின் முகம் தோன்றியது, உறையவில்லை, வட்டஞ் சுழலவில்லை. பின்னாலிருந்த சுவரிலே தொங்கிய நாட்காட்டியின் எழுத்துக்கூடத் தெரிந்தது. “அம்மா, தெளிவாத் தெரியுதோ?” என்று அவர் கேட்டார். பெரியம்மா தொலைபேசியைக் கண்ணருகே கொண்டு சென்று நெடுநேரம் பார்த்தார்.

“உனக்குத் தலை முழுக்க நரைச்சுப் போச்சே, ராசா” என்றார்.