முதுகைத் தடவிய கை

ரப்பர்த் தோட்டத்து லயங்களில் பிள்ளை பிறந்த காலத்தில், வலி கண்ட பெண் தனித்து விடப்பட்டதில்லை. மருத்துவச்சி வருமுன்னரே பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்து முதுகைத் தடவத் தொடங்கிவிடுவாள். ஒருத்தி வெந்நீர் வைப்பாள். மற்றொருத்தி பூண்டு உரிப்பாள். எவரும் கூலி கேட்டதில்லை. விடிந்தால் பால்மரம் சீவப் போக வேண்டியவர்களே அவர்கள்.

அந்த லயங்களுள் பல இன்று இல்லை. அவற்றுள் ஒன்றில் பிறந்தவளின் மகள், கிள்ளானில் ஓர் அடுக்குமாடி வீட்டில் தலைப்பிள்ளைக்குக் காத்திருந்தாள். தாய் இரண்டாண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டாள். கணவனுக்கோ இரவு பகல் மாறிமாறி வரும் தொழிற்சாலை வேலை. ஆகவே, ‘டூலா’ ஒருவரைத் துணைக்கு அமர்த்தினார்கள்.

பணிப்பெண் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல் அது. அமெரிக்க மானிடவியலாளர் டானா ராஃபேல் 1973இல் வெளிவந்த தம் நூலில் அதனைத் தாய்க்குத் துணை நிற்பவளுக்குப் பெயராக்கினார். பெயர்தான் புதிது, பெரியம்மா பழையவள். குவாத்தமாலாவில் நடந்து 1980இல் வெளிவந்த ஆய்வொன்று வியப்பூட்டுவது. முன்பின் அறியாத, மருத்துவம் கல்லாத ஒரு பெண் அருகிருந்த தாய்மாருக்கு, மருத்துவமனையில் சேர்ந்ததுமுதல் பிள்ளை பிறக்கும்வரை சராசரியாக 8.8 மணி நேரம் ஆயிற்று, துணையற்றோருக்கு 19.3 மணி நேரம். சிறு குழுவின் கணக்குதான். எனினும் எளிதில் தள்ளத்தக்கதன்று.

கிள்ளான் பெண் அவரை ‘அக்கா’ என்றே அழைத்தாள். அக்கா மருந்து கொடுப்பதில்லை, பிள்ளையை ஏந்துவதுமில்லை, அவை தாதியின் பணி. இரவு முழுவதும் இடுப்பை அழுத்திப் பிடித்தார். நாவறண்டபோது நீர் புகட்டினார். தாதி விரைந்து சொல்லிச் சென்றதைப் பொறுமையாக மறுபடி சொன்னார். விடியலில் பெண் குழந்தை பிறந்தது.

உண்மையான சோதனை வீடு திரும்பிய பின்னரே வந்தது. சீம்பாலைப் பீய்ச்சி எறிந்துவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் புகட்ட வேண்டும் என்றார் மாமியார். அவர் கொடியவர் அல்லர். தம் ஐந்து பிள்ளைகளையும் அவ்வாறே வளர்த்தவர். அக்கா வாதாடவில்லை. பத்தியக் குழம்பின் பக்குவத்தை அவரிடமே கேட்டுக் கற்றுக்கொண்டார். அதன் பிறகே, சீம்பாலில் நோயை எதிர்க்கும் ஆற்றல் இருப்பதை எடுத்துரைத்தார். இந்த நயத்தை எந்தப் பயிற்சி வகுப்பு கற்றுத்தரும்?

மூன்றாம் நாள் குழந்தையின் கண்களில் மஞ்சள் படர்ந்தது. இளவெயிலில் காட்டினால் போதும் என்றார் மாமியார். அங்கு மட்டும் அக்கா இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை. அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்கள். குழந்தை இரண்டு நாள் நீல விளக்கின் கீழ்க் கிடந்தது. அந்த இரண்டு இரவுகளும் மாமியார் உறங்கவில்லை.

2023 முதல் சட்டம் தகப்பனுக்கு அளிக்கும் 7 நாள் விடுப்பும் அதற்குள் தீர்ந்தது. தாய் காரணமின்றி அழுதாள். சில நாள் அழுகை இயல்பே என்றும், இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்றும் அக்கா மாமியாரிடம் சொல்லிவைத்தார். மாமியார் நாட்காட்டியில் நாளைக் குறித்துக்கொண்டார். குறித்த நாளுக்கு முன்பே அழுகை நின்றது.

அக்கா விடைபெற்ற நாளன்று, எதிர்வீட்டுக்கு எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி குடிவந்திருப்பது மாமியாரின் நினைவுக்கு வந்தது. “அந்தப் பிள்ளைக்குத் துணை யாரென்று கேட்டுவிட்டு வருகிறேன்” என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டார்.