கோடிட்ட தாளில் அச்சான பெயர்கள்

1990களில் பொருளாதாரத் தடையினால் வடக்கிற்குப் பத்திரிகைத் தாள் வராதிருந்த காலத்தில், கிடைத்த தாளிலெல்லாம் பத்திரிகைகள் அச்சாகின. பாடசாலை அப்பியாசக் கொப்பிக்குரிய கோடிட்ட தாளும் அவற்றுள் ஒன்று. செய்திக்கு ஊடாகக் கோடுகள் ஓடும். குப்பி விளக்கில் படித்தவர்களுக்கு அவை இடைஞ்சலாகத் தோன்றவில்லை. இடைஞ்சல் பட்டது 2019இல், ஒரு கணனி.

கிளிநொச்சி ஆசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஐயா, எங்கட அப்பப்பாவின்ர மரண அறிவித்தல் உங்கட பேப்பர்களுக்குள்ள கிடக்குமோ?" 2009இல் முள்ளிவாய்க்கால்வரை இடம்பெயர்ந்த வழியில் அவரது குடும்பத்தின் பத்திரங்களும் படங்களும் போய்விட்டன. பூட்டன், பூட்டியின் பெயர்களைச் சொல்ல வீட்டில் எவரும் மிஞ்சவில்லை. நமது மரண அறிவித்தல்கள் ஒருவகையில் வம்சாவளிப் பட்டியல்கள். இன்னார் தம்பதியரின் புதல்வர், இன்னாரின் மருமகன், இன்னாரின் மைத்துனர் என்று மூன்று தலைமுறை அதில் வரிசையாக நிற்கும்.

என்னிடமிருந்த பழைய இதழ்களை அதற்கு முன்பே படமாக்கி வைத்திருந்தேன். ஆயினும் படத்தில் சொல்லைத் தேட இயலாது. எழுத்துணரி மென்பொருள் ஒன்று தேவைப்பட்டது. டெசரக்ட் என்பது 1980களில் எச்.பி. நிறுவனத்தில் பிறந்து, 2005இல் மூலநிரலோடு உலகுக்குத் திறந்துவிடப்பட்டது. 2018 ஒக்ரோபரில் வந்த நான்காம் பதிப்பு நரம்பு வலையமைப்பைக் கொண்டு வாசிப்பது. எனது மடிக்கணனியின் உபுண்டு 16.04 தந்ததோ பழைய மூன்றாம் பதிப்பு. புதியது வேண்டுமாயின், அதன் நிரலை இறக்கி எங்கள் கணனியிலேயே கட்டிக்கொள்ள வேண்டும்.

தங்கையின் மகன் அப்போது யாழ். பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகத்தில் (2021 முதல் அது வவுனியாப் பல்கலைக்கழகம்) படித்துக்கொண்டிருந்தான். கைத்தொலைபேசி இணைய இணைப்பில் நிரலை இறக்கினோம். கட்டத் தொடங்குமுன் எல்லாம் சரியாக உள்ளனவா என்று சோதிக்கும் கட்டளை, முதல் நிமிடத்திலேயே மறித்தது: லெப்டோனிக்கா 1.74 அல்லது அதற்கு மேற்பட்டது தேவை. படங்களைக் கையாளும் அந்த நூலகம் கணனியில் 1.73ஆக இருந்தது. ஒரு புள்ளி குறைந்ததற்கு இத்தனை கெடுபிடியா என்றேன். "இதுவும் ஒரு சோதனைச்சாவடிதான் மாமா, சரியான துண்டு இல்லாமல் விடாது" என்றான்.

ஆகவே முதலில் லெப்டோனிக்காவைக் கட்டினோம். அந்தத் தடையைப் பின்னர் ஒரு நல்வாய்ப்பாகவே கருதினேன். கட்டி முடித்த பொதியாக மட்டும் வந்திருந்தால் நூலகம் மாத்திரமே எங்கள் கைக்கு வந்திருக்கும். மூலநிரலோடு மாதிரி நிரல்கள் நிறைந்த கோப்புறை ஒன்றும் வந்தது. அதற்குள், பென்சில் சித்திரம் ஒன்றிலிருந்து கிடைக்கோடுகளை நீக்கும் சிறு நிரல் ஒன்று! படத்தின் சரிவை அளந்து நிமிர்த்தி, நீண்டு கிடக்கும் கோடுகளைப் பிரித்தெடுத்து நீக்கி, அதனால் வெட்டுண்ட கீறல்களை நிரப்புகிறது. எங்கள் பக்கங்களுக்கேற்ப அதில் சில வரிகளை மருமகன் மாற்றினான். தடைக்காலத்தில் சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்டவர்கள், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் நாம். பொருளைத் திறந்து பார்க்கும் உரிமையின் பெறுமதியை எங்களுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

பிறகு டெசரக்ட். கட்டும் கட்டளை கொடுத்தபின் திரையில் வரிகள் ஓடிக்கொண்டே இருந்தன, விசிறி இரைந்தது. முடிந்ததும் இயக்கினால், தான் நிறுவிய நூலகத்தையே காணவில்லை என்றது. இணைப்புப் பட்டியலைப் புதுப்பிக்கும் ஒற்றைக் கட்டளையில் அது தீர்ந்தது. தமிழுக்குரிய பயிற்சித் தரவுக் கோப்பையும் உரிய இடத்தில் வைத்தோம்.

கோடுகள் போன பக்கங்களை அது ஓரளவு நன்றாகவே வாசித்தது. ‘ர’வையும் காலையும் மாத்திரம் அடிக்கடி மாறாட்டம் செய்தது. மங்கிய அச்சில் மனிதக் கண்ணுக்கே அந்த வேறுபாடு சிரமந்தான்.

ஊரின் பெயரைக் கொடுத்துத் தேடினோம். ஐந்தாவதாக வந்தது ஆசிரியரின் அப்பப்பாவின் அறிவித்தல். அதில் பூட்டியின் பெயரில் ஓரெழுத்தைக் கணனி பிழையாக வாசித்திருந்தது. மூலத் தாளை எடுத்துக் கொடுத்தேன். அவர் விரல் வைத்து எழுத்தெழுத்தாக வாசித்து, தமது குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். கடும் நிறத்தாள்களில் அச்சான கட்டொன்று இன்னும் மிச்சமிருக்கிறது. அதனை எந்தப் பதிப்பாலும் இதுவரை வாசிக்க முடியவில்லை.